சூடானா ஸ்டார்ட் ஆகாத வண்டி

நேயர்களுக்கு வணக்கம்ங்க. மெக்கானிக் கடைக்கு வர்ற கம்ப்ளெயின்ட்லயே ஆளை சுத்தல்ல விடுறது இதுதான். காலைல ஒரே கிக்ல ஸ்டார்ட் ஆகுது, 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு பங்க்ல பெட்ரோல் போட நிறுத்துனா அவ்ளோதான், உதைச்சு உதைச்சு கால் வலிக்குது, பின்னாடி நிக்கிறவன் ஹாரன் அடிக்கிறான், ஓரமா தள்ளிட்டுப் போய் அரைமணி நேரம் நிழல்ல விட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

இதுல கூத்து என்னன்னா, எங்ககிட்ட தள்ளிட்டு வர்றதுக்குள்ள வண்டி ஆறிடும், ஆறின வண்டில எதைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும். உடனே பிளக்கை மாத்து, கார்ப்பரேட்டரைக் கழுவுன்னு ஆரம்பிக்கிறது. நானும் அப்படி செஞ்சவன்தான், பொய் சொல்லக்கூடாது.

பால் ஊத்துற ஒரு அண்ணன், பழைய 100 சிசி வண்டி. 2 பிளக் மாத்தியாச்சு, கார்ப்பரேட்டர் 3 தடவை கழுவியாச்சு, அதே கதைதான். சரி எதையும் கழட்ட வேண்டாம்ணே, ஓட்டுங்க நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்னு கிளம்பி, நல்லா சூடேறுற வரை சுத்திட்டு டீக்கடைல நிறுத்தினோம். அஞ்சு நிமிஷம் கழிச்சு உதைச்சா வண்டி செத்துப் போச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், அவரு என்னை ஒரு மாதிரி பாக்குறாரு.

இப்ப கவனிங்க. இஞ்சின்ல இருக்க பிளக்கைக் கழட்டல, கழட்டினா அந்த ஓட்டை வழியா பெட்ரோல் ஆவி வரும், பொறி பட்டா பத்திக்கும். பிளக் தலையில மாட்டியிருக்க வயர் மூடியை மட்டும் உருவி, கையில கொண்டுபோன வேற ஒரு நல்ல பிளக்கை அதுல சொருகி, ஹெட்ல ஒட்ட வச்சு உதைக்கச் சொன்னேன். பொறியே விழல, கரன்ட்டே இல்ல. பொறி எப்ப விழணும்னு சிக்னல் குடுக்குற பல்சர் காயில், அதோட சாக்கெட்டைப் பிரிச்சு ஓம் மீட்டர் வச்சா ரீடிங்கே இல்ல, வயர் அறுந்த மாதிரி காட்டுது. அப்படியே விட்டுட்டு ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை, பேச்சு ரெண்டாவது டீக்குப் போனப்ப மீட்டரைப் பாத்தா நூத்துச் சொச்சம் ஓம் காட்டுது. கிக்கரைத் தொட்டா ஸ்டார்ட்!

அந்தக் காயில் மேக்னட் கவருக்குள்ள இஞ்சினோட ஒட்டி உக்காந்திருக்கு, முடி மாதிரி செம்புக் கம்பி. உள்ள எங்கயோ ஒரு இடத்துல விட்டுப்போய் சும்மா தொட்டுக்கிட்டு இருந்திருக்கு, சூட்டுல விரிஞ்சா விலகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். காயிலை மாத்தினோம், அதோட சரி. பிளக்குக்கு கரன்ட்டை ஏத்திக் குடுக்குற இக்னிஷன் காயில், பொறியைக் கட்டுப்படுத்துற சிடிஐ பெட்டி இதுங்களும் இதே வேலையைக் காட்டும்.

சூட்டுலயும் கரன்ட் நல்லா நீலமா வருதுன்னா அடுத்து கிக்கரைக் கவனிங்க. வழக்கத்தை விட லேசா, எதிர்ப்பே இல்லாம இறங்குச்சுன்னா டேப்பட் டைட்டா இருக்கலாம், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல விடுற இடைவெளி கம்மியா இருக்கலாம். வால்வு சூட்டுல நீளும், இடைவெளி பத்தலைன்னா இஞ்சினுக்குள்ள தன்னோட இடத்துல முழுசா உக்காந்து மூடாது, கம்ப்ரஷன், அதாவது உள்ள அமுக்குற அழுத்தம் போயிடும். இதுக்கு பாதி காரணம் நம்ம ஆளுங்கதான், டேப்பட் சத்தமே வரக்கூடாதுன்னு கேக்குறது, மெக்கானிக்கும் இறுக்கி விட்டுடுறது. லேசா டிக்டிக்னு கேட்டா கேக்கட்டும்ங்க! இந்த இடைவெளியை இஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் ஃபீலர் கேஜ்ங்கிற அளவுத் தகடு வச்சுப் பாக்கணும், சின்ன வண்டிகள்ல 0.05, 0.1 மில்லிமீட்டர்னு வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல போட்டிருப்பான்.

கரன்ட்டும் இருக்கு, கம்ப்ரஷனும் இருக்கு, பெட்ரோல் வாடை குப்புனு அடிக்குதுன்னா ஓவர்ஃப்ளோ, இஞ்சினுக்குள்ள பெட்ரோல் அதிகமாப் போயிருக்கு. சோக்கைத் தொடாதீங்க, ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நாலஞ்சு உதை. வாடையே இல்லைன்னா டேங்க் மூடியைத் திறங்க, புஸ்ஸுனு காத்து உள்ள இழுத்துச்சுன்னா மூடியில இருக்க காத்து ஓட்டை அடைச்சிருக்கு, பெட்ரோல் இறங்கல. இது சூட்டுப் பிரச்சனையே கிடையாது, கொஞ்ச தூரம் ஓடினப்புறம் நிக்கிறதால நாம சூடுன்னு நினைச்சுக்கிறோம், அந்த ஓட்டையைக் குத்தி விட ஒரு ஊசி இருந்தா போதும்.

கார்ப்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டிக்கு இதுல பாதி பொருந்தாது, அதுல சென்சர், பம்ப்னு தனிக் கதை. வர்றேங்க, வணக்கம்.