இரண்டு மலைக்கு நடுவில் சூரியன்

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்குச் சிறுவர் புத்தக ஓவியங்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மட்டக்களப்பில் ஒரு வகுப்புக்குள் போய், "இயற்கைக் காட்சி ஒன்று கீறுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகள் இரண்டு மலையைக் கீறி, நடுவில் சூரியனை வைத்து, கீழே ஓர் ஆற்றை ஓடவிடுவார்கள். நமக்கோ சூரியன் கடலில் எழும்புகிறது, வாவி கடந்து மேற்கே படுவான்கரைப் பக்கம் இறங்குகிறது. அதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு மலை எங்கிருந்து வந்தது? ஏற்கெனவே பார்த்த படங்களிலிருந்துதான். கொப்பி அட்டை, சுவர்ப்படம், கதைப் புத்தகம் எல்லாம் சேர்ந்து, படம் என்றால் இப்படித்தான் என்று பழக்கிவிடுகின்றன.

அதனால்தான் சிறுவர் புத்தகத்தில் ஓவியம் அலங்காரம் இல்லை என்கிறேன். நம்மிடத்தில் பெரும்பாலும் என்ன நடக்கிறது? கதையை எழுதி முடித்துவிட்டு, "நாலு படம் போட்டுத் தாருங்கள்" என்று சித்திரம் தெரிந்த ஒருவரைக் கேட்கிறோம். கதையில் முயல் வந்தால் அவரும் ஒரு முயல் கீறித் தருவார். சரி, அதற்கு மேல் அந்தப் படத்துக்கு என்ன வேலை?

நல்ல படப் புத்தகத்தில் படம் தன் பங்குக் கதையைத் தானே சொல்லும். எழுத்தில், "அப்பா வலை வீசினார். இன்றைக்கு வாவியில் மீனே இல்லை" என்று மட்டும் இருக்கட்டும். படத்தில் தோணிக்கு அடியில் மீன்கள் கூட்டமாக ஒளிந்திருக்கட்டும். வாசித்துக் காட்டுகிற அம்மாவுக்கு முன்பே, எழுத்துத் தெரியாத பிள்ளை அதைக் கண்டுபிடித்துச் சிரிக்கும். பக்கம் புரள்வதும் ஓவியரின் கையில் உள்ள விஷயம். எதை இந்தப் பக்கத்தில் மறைத்து, எதை அடுத்ததில் காட்டுவது என்று அவர் யோசிக்க வேண்டும். இப்படியான புத்தகங்கள் அநேகமாக 32 பக்கம். பெரிய தாளை அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும், அதில் இரண்டு. அச்சகத்துக் கணக்குத்தான், ஆனால் கதையின் நீளத்தையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது!

நம் இலங்கையில் சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்க 1950களிலேயே இதைச் செய்து காட்டினார். கதையும் அவரே, படமும் அவரே. குடை திருடனைப் பற்றிய அவருடைய கதையில், குடையே அறியாத கிராமத்து மனிதர்கள் வாழையிலையைப் பிடித்துக்கொண்டு மழையில் நடப்பார்கள். அது அவர் பார்த்து வளர்ந்த தெற்கு.

இந்தியாவில் பஜ்ஜு ஷியாம் என்ற கோண்டு பழங்குடி ஓவியர் லண்டனுக்குப் போய்வந்து, தான் கண்டதைத் தன் ஊர்ப் பாணியிலேயே வரைந்தார். 2004இல் சென்னையில் ஒரு பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. மணிக்கூண்டு சேவலாகிறது, நிலக்கீழ் ரயில் மண்புழுவாகிறது, பேருந்து நாயாகிறது. வெளிநாட்டுப் பாணி எதையும் அவர் கடன் வாங்கவில்லை.

நம்மிடம் மட்டும் என்ன குறை? நம் நாட்டுக்கூத்தில் ஒரு வகையான வடமோடியின் கிரீடமும், கரப்புடுப்பு என்ற விரிந்த ஆடையும் இருக்கின்றன. நாலு பக்கமும் சனம் சுற்றியிருந்து பார்க்கிற வட்டக்களரி என்ற கூத்து மேடை இருக்கிறது. பன்புல்லில் பின்னும் பன்பாயில் பெண்கள் போடுகிற கோலங்களும், மருதமுனைக் கைத்தறிச் சேலைக் கரைகளும் இருக்கின்றன. கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சித்திரம் படித்து வெளிவருகிற இளையவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முடிந்த கதையைக் கொடுக்காமல், வெறும் தாளோடு எழுத்தாளருக்குப் பக்கத்தில் இருத்துங்கள். பலவர்ண அச்சு செலவு என்பார்கள், உண்மைதான். இரண்டே நிறத்தில் திரை அச்சில் (ஸ்கிரீன் பிரிண்டிங்) தொடங்கலாமே. கறுப்பும் பன்பாய்ச் சிவப்பும் போதும்.

அப்புறம், அட்டையில் ஓவியரின் பெயரையும் எழுத்தாளர் பெயரின் அதே அளவில் போடுங்கள். பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடுகிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

நன்றி. வணக்கம்.