கையில் இருக்கும் பத்திரிகை ஆளைச் சொல்லிவிடாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஒருவர் என்ன பத்திரிகை படிக்கிறார் என்று தெரிந்தால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடுமா, இதுதான் தலைப்பு. தெரிந்துவிடும் என்று பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அவருடைய உதாரணங்கள் எல்லாமே பிரிட்டிஷ் பத்திரிகைகள். 'தி சன்' படிக்கிறவர் என்றால் வேன் ஓட்டுபவர், கால்பந்தும் கவர்ச்சிப் படமும் இருந்தால் போதும், தலைப்புக்குக் கீழே கண் போகாது. 'டெய்லி மெயில்' என்றால் புறநகர்வாசி, எதைப் பார்த்தாலும் பயம், வெளிநாட்டிலிருந்து யார் வந்து இறங்கினாலும் கோபம். 'கார்டியன்' என்றால் தாடி, தோல் செருப்பு, பருப்பு சூப். கைதட்டல் நன்றாகவே வந்தது. நான் அதை ரசிக்கவில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் படங்களை முதலில் வரைந்தவர்கள் யார்? 1870-ல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போய்ப் படிக்கத் தெரிந்து வளர்ந்த ஒரு தலைமுறை குமாஸ்தாவாகவும் கடைச் சிப்பந்தியாகவும் வேலைக்குப் போய், நாளுக்கு ஒரு பத்திரிகை வாங்கும் நிலைக்கு வந்தபோது, 1896 மே மாதம் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்பவர் டெய்லி மெயிலை அரை பென்னிக்குக் கொடுத்தார். மற்ற காலைப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஒரு பென்னி. செய்தி சுருக்கமாக இருந்தது, நடை எளிமையாக இருந்தது, விற்பனை ஏறிக்கொண்டே போனது. அப்போது பிரதமராக இருந்த சாலிஸ்பரி பிரபு, "ஆபீஸ் பையன்களுக்காக ஆபீஸ் பையன்கள் நடத்துவது" என்று சொன்னதாக இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். செய்தி தப்பு, தகவல் பொய், இப்படி எந்தக் குறையும் அந்த வாக்கியத்தில் கிடையாது. ஆபீஸ் பையன் படிக்கிறான் என்பதுதான் குறை. 1942-ல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தமிழில் செய்தி போட்டாரே, அதைப் படித்தவர்களையும் படித்த வர்க்கம் இதே பார்வைதான் பார்த்தது. நேற்றுவரை படிக்காதவர்கள் இன்று படிக்க ஆரம்பித்தால் சிலருக்கு முகம் சுளிக்கிறது. அந்தச் சுளிப்புதான் இன்று 'வழக்கமான வாசகர்' என்ற பெயரில் மேடையேறி இருக்கிறது.

அப்புறம் கணக்கு. 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற ஞாயிறு பத்திரிகை, கொலை வழக்கும் விவாகரத்து வழக்குமாகப் போட்டே பேர் வாங்கியது, 1950-ல் வாரம் 80 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. அன்றைக்கு பிரிட்டனின் மக்கள்தொகை சுமார் 5 கோடி, அதில் குழந்தைகளும் அடக்கம். ஒரு பிரதியை வீட்டில் ரெண்டு மூன்று பேர் படித்தார்கள் என்று வைத்தால், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கையில் அது இருந்திருக்கிறது. 1964-ல் 'டெய்லி மிரர்' நாளுக்கு 50 லட்சத்தைத் தாண்டியது. இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே முகமா? சுரங்கத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியையும் தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் பாட்டியும் அங்கே எட்டிப்பார்க்காத பேரனும் அந்தக் கூட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக 'வழக்கமான' என்ற சொல்லுக்கு அர்த்தம் தேய்ந்துபோகிறது, நடுவர் அவர்களே.

அப்படியிருந்தும் அந்த முகம் ஏன் இத்தனை வருஷம் நீடிக்கிறது என்றால், அதை வைத்து வியாபாரம் நடந்தது. பிரிட்டனில் 1956 முதல் தேசிய வாசகர் கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தது. ஏ, பி, சி1, சி2, டி, இ என்று மக்களைத் தரம் பிரித்து, எந்தப் பத்திரிகையை எந்தத் தரத்தார் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று விளம்பரதாரர்களுக்குச் சொல்வதற்காக. தரம் எதை வைத்து? குடும்பத்தில் அதிகம் சம்பாதிக்கிறவரின் தொழிலை வைத்து. பத்திரிகை படிக்கிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், அவள் என்ன யோசிக்கிறாள், யாருக்கு ஓட்டுப் போடுகிறாள், செய்தியை நம்புகிறாளா, ஒன்றும் அதில் இல்லை, வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்பதிலேயே அவள் எந்தக் கட்டத்தில் விழுவாள் என்று முடிவாகிவிடும். சோப்பும் காரும் விற்க அது உதவியிருக்கலாம். அதை எடுத்துக்கொண்டு மனித குணத்தை எடைபோட வருவது அநியாயம்.

சரி, வாசகர் இப்படித்தான் இருப்பார் என்று முழு நம்பிக்கையோடு பணத்தைக் கொட்டியவர்கள் என்ன ஆனார்கள்? அதே ஹார்ம்ஸ்வொர்த் 1903-ல் டெய்லி மிரரைப் பெண்களுக்கான பத்திரிகையாக ஆரம்பித்தார். பெண்ணை ஆசிரியராகப் போட்டு, பெண்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று தானே முடிவு செய்து அதை மட்டும் அச்சடித்தார். விற்பனை மளமளவென்று சரிந்தது. அடுத்த வருஷமே அதை எல்லோருக்குமான படப் பத்திரிகையாக மாற்றியபிறகுதான் அது பிழைத்தது. இன்னொன்று இதைவிடப் பெரியது. 1964-ல் 'தி சன்' தொடங்கியபோது முறையான சந்தை ஆய்வே செய்தார்கள். புதிய தொழிலாளி வசதியானவர், நவீனமானவர், அவருக்குப் பழைய தொழிற்சங்கப் பத்திரிகை போதாது என்று ஒரு வாசகரைத் தாளில் உருவாக்கினார்கள். அந்த வாசகர் கடைக்கு வரவே இல்லை. ஐந்து வருஷம் நஷ்டப்பட்டு 1969-ல் ரூபர்ட் மர்டாக்கிடம் விற்றார்கள். கோடி கோடியாகப் போட்டவர்களாலேயே வாசகரைக் கணிக்க முடியவில்லை. எதிரணி நண்பர் பத்து நிமிஷத்தில் கணித்துவிட்டார்.

பத்திரிகை சொல்வதை வாசகர் அப்படியே கேட்கிறார் என்றும் சொன்னார்கள். 1945 தேர்தலைப் பாருங்கள். அன்றைக்கு மிக அதிகமாக விற்ற 'டெய்லி எக்ஸ்பிரஸ்' சர்ச்சிலுக்காக மூச்சுப் பிடித்து எழுதியது. அவரை எதிர்த்த தொழிற்கட்சி 393 இடங்களில் ஜெயித்தது. 1992-ல் தேர்தல் முடிந்ததும் 'தி சன்' கன்சர்வேட்டிவ் கட்சியை நான்தான் ஜெயிக்க வைத்தேன் என்று முதல் பக்கத்தில் மார்தட்டியது. எதிரணி அதை ஆதாரமாகக் காட்டியது. அந்தத் தலைப்பு ரசனையற்றது, தவறானது என்று மர்டாக்கே 2012-ல் விசாரணைக் குழு முன்பு சொல்லிவிட்டார்.

'எப்படியிருந்தாலும் காசு கொடுத்து வாங்குகிறாரே' என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஒருவர் குதிரைப் பந்தய முடிவுக்கு வாங்குகிறார், ஒருவர் குறுக்கெழுத்துக்கு, ஒருவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி நேரத்துக்கு, பக்கத்து வீட்டில் தலையங்கத்தைத் திட்டிக்கொண்டே ஒருவர் வாங்குகிறார். பத்திரிகையை வாங்குவது வேறு, அதில் இருப்பதற்கெல்லாம் கையெழுத்துப் போடுவது வேறு. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. பொய்ச் செய்தி போட்ட ஆசிரியரைப் பிடித்துக் கேட்டால் 'எங்கள் வாசகருக்கு இதுதான் வேண்டும்' என்கிறார். அந்த வாசகர் யார்? நாம் இங்கே கைதட்டி ரசித்தோமே, அதே ஆள். நாம் வாசகரை முட்டாள் என்று ஒத்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் எழுதியவரின் குற்றம் படித்தவரின் தலைக்குப் போகிறது.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல் அணியின் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டம் நெரிசலில் சிக்கியது. அந்த நெரிசலால் இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். நாலு நாள் கழித்து 'தி சன்' முதல் பக்கத்தில் 'உண்மை' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் செத்தவர்களின் பையில் திருடினார்கள், போலீஸ்காரர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. யாரைப் பற்றி எழுதியது என்று யோசியுங்கள். கால்பந்து ரசிகர், துறைமுக நகரத்துத் தொழிலாளி, எதிரணி வரைந்த படத்தில் இருந்த அதே ஆள். அவருடைய சொந்தப் பத்திரிகை. அவர் நம்பியிருக்க வேண்டும் அல்லவா? லிவர்பூலில் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கடைக்காரர்கள் விற்க மறுத்தார்கள். அந்த வட்டாரத்தில் விற்பனை அதலபாதாளத்துக்குப் போய் இன்றுவரை எழவில்லை. 2012-ல் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்து, அதன்பின் அந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. ரசிகர்கள் மேல் தவறே இல்லை என்று 2016-ல் ஜூரி சொன்னது. அறிக்கைக்கும் தீர்ப்புக்கும் எத்தனையோ வருஷம் முன்பே அந்த வாசகர்கள் அது பொய் என்று கண்டுபிடித்திருந்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளோடு நின்றார்கள், ஒரு தலைமுறை தாண்டியும் நிற்கிறார்கள்.

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 1989 ஏப்ரல் மாதத்து முதல் வாரத்தில் லிவர்பூலில் 'தி சன்' வாங்கியவரும் மே மாதத்தில் அதைத் தொட மறுத்தவரும் ஒரே ஆள். இந்த ரெண்டில் எந்த வாரத்தில் அவரைப் பார்த்து அவருடைய குணத்தை நீங்கள் எழுதுவீர்கள்? பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். வணக்கம்.