இரண்டும் எங்கே சேர்கின்றன?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கரண்ட் போகும் அந்த நொடியை நினைத்துப் பாருங்கள். மின்விசிறி லேசாகத் தயங்கும், இன்வெர்ட்டரில் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும், விசிறி மறுபடி வேகமெடுக்கும். நமக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அதே வீட்டில் யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், அது அணைந்துவிடும். இன்வெர்ட்டர் கைமாறும் அந்த இமைப்பொழுதை விசிறி பொறுத்துக்கொள்ளும், கணினி பொறுத்துக்கொள்ளாது.

எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. சர்வர், அதாவது பலருக்கும் சேர்த்து இரவுபகலாக ஓடும் கணினி, அதன் தாக்குப்பிடிப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

டீக்கடையில் போனை நீட்டிப் பணம் கட்டுகிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம். அந்தக் கணக்கெல்லாம் எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குள், சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் கட்டடத்துக்குள், நடக்கிறது. கடலடிக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால், அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் அப்படிப்பட்ட கட்டடங்கள் வரிசையாக எழுந்திருக்கின்றன. அவற்றுக்குள் கரண்ட் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் என் வாழ்நாளில் பெரும்பகுதி போயிருக்கிறது.

அமைப்பு புரியாத ஒன்றல்ல. ஈபி சப்ளை, பெரிய இடமானால் 33 அல்லது 110 கிலோவோல்ட்டில் உள்ளே வரும். அது போனால் யுபிஎஸ் பேட்டரி சில நிமிடங்கள் தாங்கும். அதற்குள், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நொடியில், டீசல் ஜெனரேட்டர் கிளம்பி லோடை எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் எது பழுதானாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இரண்டாகப் போடுவார்கள். சர்வரின் பின்பக்கம் பார்த்தால்கூட இரண்டு பவர் கார்டு இருக்கும். ஒன்று ஏ, ஒன்று பி.

சரி, இரண்டு இருந்தால் போதுமா? நான் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்த இரண்டும் எங்கே சேர்கின்றன? எங்கோ ஓரிடத்தில் சேரும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் திட்டமிடுவது.

இதற்கு நியூயார்க்கில் நடந்த ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல். மன்ஹாட்டனின் தென்கோடியில் பிராட் ஸ்ட்ரீட் 75ஆம் எண் கட்டடம். அதற்குள் டேட்டா சென்டர் இருந்தது. கடல்நீர் ஏறினால் என்ன செய்வது என்று முன்பே யோசித்து, ஜெனரேட்டரை மேல்தளத்தில் வைத்திருந்தார்கள். நல்ல யோசனை. ஈபி போனது, ஜெனரேட்டர் கிளம்பியது. ஆனால் டீசலை மேலே தள்ளும் பம்பு அடித்தளத்தில் இருந்தது. அடித்தளம் முழுக்கக் கடல்நீர். மேலே இருந்த டீசல் தீரும்வரைதான் ஆயுள். என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த நிறுவனத்தின் ஆட்களும், அங்கே சர்வர் வைத்திருந்த வாடிக்கையாளர்களின் ஆட்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, இருட்டில், பக்கெட் பக்கெட்டாக டீசலை 17 மாடி தூக்கினார்கள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, நாள்கணக்கில். கோயில் குளத்திலிருந்து குடம் கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. அதே இரவில் அதே நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையிலும் இதே பம்புச் சங்கதிதான். 300க்கும் மேற்பட்ட நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பச்சிளங்குழந்தைகளை நர்ஸ்கள் கையில் ஏந்திப் படியிறங்கினார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜெனரேட்டர் மேலே, பம்பு கீழே. எத்தனை ஜெனரேட்டர் இருந்தாலும் எல்லாமே அந்தப் பம்பில் வந்து சேர்ந்துவிட்டன.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். இரண்டு வேறு சப்ஸ்டேஷனிலிருந்து இரண்டு ஃபீடர், அதாவது கரண்ட் கொண்டுவரும் தனித்தனி லைன், வாங்கிய இடம் அது. காகிதத்தில் கேட்கவே வேண்டாம், அவ்வளவு அருமை. ஆனால் கடைசி 200 மீட்டரில் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில், ஒரு சாண் இடைவெளியில் படுத்திருந்தன. தனித்தனியாகத் தோண்டினால் செலவு, அனுமதியும் இன்னொரு முறை வாங்க வேண்டும். மழைநீர்க் கால்வாய் வேலைக்கு வந்த ஜேசிபி ஒரே வாரலில் இரண்டையும் அறுத்தது. நான் போய்ப் பார்த்தபோது செப்பு நுனிகள் இரண்டும் சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

டீசலும் அப்படித்தான். இரண்டு பேரிடம் ஒப்பந்தம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டாம். இரண்டு லாரியும் வரவேண்டிய சாலை ஒன்றுதானே? அந்தச் சாலை தண்ணீருக்குள் இருந்தால், உங்கள் டாங்கியில் இருப்பது மட்டுமே உங்கள் டீசல்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாது. ஏ பக்கம் 60 சதவீத லோடு, பி பக்கம் 60 சதவீத லோடு. பேனலில் எல்லாம் பச்சை விளக்கு. ஏ போனால் பி மேல் 120 வந்து விழும், அதுவும் டிரிப் ஆகிவிடும். ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழேயே இருந்தால்தான் அதற்கு இரண்டு என்று பெயர். மாதம் நாலு சர்வராகக் கூடிக்கூடி இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அப்புறம் சோதனை. இது என் நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம். ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு எஞ்சின் காரணமாக இருப்பது குறைவு. கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காலையில் செல்ஃப் எடுக்காது, அதேதான். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு லாரி பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதன் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் பொடியாக உதிரும். அந்தப் பொடி போதும், மொத்தக் கட்டடமும் இருட்டாக.

வாரம் ஒரு நாள் லோடு இல்லாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதை நான் சோதனை என்று ஏற்பதில்லை. லோடு இல்லாமல் அடிக்கடி ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் கரியாகப் படிந்து, எஞ்சினுக்கே கெடுதல். உண்மையான சோதனை ஈபி பிரேக்கரை நிஜமாகவே இறக்குவது. ஒரு ஞாயிறு விடியற்காலையில் அப்படிச் செய்தோம். ஏசி விசிறிகளின் இரைச்சல் மெல்ல இறங்கி, அறையே மூச்சைப் பிடித்ததுபோல் ஆனது. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே எஞ்சின் உறுமியது. என் பக்கத்தில் நின்ற இளைஞர் அப்போதுதான் மூச்சு விட்டார். பயப்படுவது நியாயம்தான். ஆனால் நாம் தேர்ந்தெடுத்த நேரத்தில், ஆட்கள் சுற்றி நிற்கும்போது தவறு நடந்தால் சரிசெய்யலாம். தீபாவளிக்கு முந்தின இரவு நடந்தால்?

நேரம் நெருங்குகிறது என்று கை காட்டுகிறார்கள். எல்லோருக்கும் கரண்ட் கொண்டுவரும் பொதுவான வலை, அந்த மின்தொகுப்பின் பக்கத்தையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் 230 கிலோவோல்ட் லைன் ஒன்றில் பழுது. ஒன்றரை நிமிடத்துக்குள் மின்னழுத்தம் ஆறு முறை சரிந்தது. டேட்டா சென்டர்களின் யுபிஎஸ்கள் இதைப் பார்த்துத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒட்டுமொத்தமாக மின்தொகுப்பிலிருந்து விலகிக்கொண்டன. சுமார் 1,500 மெகாவாட் லோடு சட்டென்று மறைந்தது. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகச் செய்தது சரிதான். ஆனால் எல்லோரும் ஒரே அமைப்பை ஒரே மாதிரி வைத்திருந்ததால், எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் விலகின. நம் மின்வாரியத்தோடு இப்போதே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

குளிரூட்டலைத் தொடவே இல்லை. ஏஐ வேலைக்கு வரும் ஒரே ரேக், அதாவது சர்வர்களை அடுக்கிய ஒரே அலமாரி, 100 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கிறது. ஈபி போன நேரத்தில் யுபிஎஸ்ஸில் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நின்றிருக்கும். அந்த அறை கொதிக்கச் சில நிமிடம் போதும். அதனால் அந்தக் குளிர்ந்த தண்ணீரைச் சுற்றவிடும் பம்புகளையும் யுபிஎஸ்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டும்போதே.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.