முக்காடு போட்ட வீடுகள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தங்களைப் பற்றிய தகவல் இணையத்தில் போகிறது என்றால் ஜெர்மன் மக்கள் அஞ்சுவது நிறுவனங்களின் பேராசையாலா, பட்ட அனுபவத்தாலா? பட்ட அனுபவத்தால்தான் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் ஒரு கிண்டலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்: "வீட்டுக்கு முக்காடு போடச் சொன்ன ஜெர்மன்காரன், பெயரையும் முகவரியையும் தானே எழுதிக் கொடுத்தான்!" கைதட்டினீர்கள். அரைக் கதைக்கே இத்தனை கைதட்டலா? மீதியையும் கேளுங்கள்.

2010. கூகுள் தன் காரில் கேமரா வைத்து எடுத்த, ஜெர்மனியின் 20 நகரங்களின் தெருப்படங்களை வலையேற்றப் போகிறது. 'என் வீடு வேண்டாம், படத்தில் மங்கலாக்கி மறைத்துவிடு' என்றவர்கள் 2,44,237 வீட்டார். எப்படிச் சொல்வது? படிவத்தில் பெயர், முகவரி, வீட்டின் அடையாளம் எல்லாம் எழுத வேண்டும். யாருக்கு? அதே கூகுளுக்கு! தபாலில் ஓர் எண் வரும். அதையும் வலையில் பதிய வேண்டும். அடுக்குமாடியில் ஒரு குடித்தனக்காரர் கேட்டாலும் முகப்பு முழுக்க மங்கல். பிறகு மனசு மாறினாலும் மாற்ற முடியாது. எஸ்ஸன் நகரத்தில் என்ன நடந்தது தெரியுமா? மங்கலான வீடாகத் தேடிப்போய் முட்டை எறிந்தார்கள். ஊர் கண்ணில் படக்கூடாது என்று மறைத்த வீடுதான் ஊர் கண்ணில் பட்டது!

சிரித்தாயிற்றா? இப்போது அந்தத் 'தானே'வுக்கு வாருங்கள். ஐயா, விஷயமே அதில்தான் இருக்கிறது. 1983இல் மேற்கு ஜெர்மனி மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தபோது ஊரே எதிர்த்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொன்னது: தன்னைப் பற்றிய தகவல் யாருக்குப் போகலாம் என்பதைத் தானே தீர்மானிப்பது மனிதனின் உரிமை. தானே கொடுப்பது வேறு, கேட்காமல் எடுப்பது வேறு. பேராசைதான் காரணம் என்றால், அதே கூகுள் கார் எத்தனை நாட்டுத் தெருக்களில் ஓடியது? அங்கெல்லாம் ஏன் லட்சக்கணக்கில் படிவம் வரவில்லை?

மணியடிக்காதீர்கள் நடுவரே, ஒரே நிமிடம். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் ஸ்டாசி விட்டுப்போன கோப்புகளை அடுக்கினால் 111 கிலோமீட்டர். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, அவரவர் கோப்பை அவரவர் பார்க்கலாம் என்றார்கள். அரசை எதிர்த்துச் சிறைக்குப் போன வேரா வோலன்பெர்கரும் பார்த்தார். வீட்டில் பேசியது அதில் இருந்தது. 'டொனால்ட்' என்ற புனைபெயரில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்த டொனால்ட், வேராவுடைய பிள்ளைகளின் அப்பா.

வணக்கம்.