அம்மா அஸ்தியையும் கடல்ல கரைக்கலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

சிங்கப்பூர் தோ பாயோலேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க, படிச்சதுலேர்ந்து மண்டைக்குள்ளயே ஓடுது. அப்பா இந்து, தவறிட்டாரு, புலாவ் செமாக்காவ் தீவு பக்கம் படகுல போயி அஸ்தி கரைச்சாச்சு. அம்மா கத்தோலிக்கர், வயசாச்சு. நாளைக்கு அவங்களயும் எரிச்சு அதே கடல்ல விடலாமா, வீட்ல ஒரே சண்டையாம்.

எரிக்கலாம்மா. 1963லயே ரோம் அனுமதிச்சிருச்சு. ஆனா கடல்ல கரைக்கக் கூடாதுன்னு 2016ல தெளிவா சொல்லிட்டாங்க, பொதுவா வீட்லயும் வைக்கக் கூடாது, புனிதமான இடத்துலதான் வைக்கணும். இங்க சில தேவாலயத்துலயே அஸ்தி மாடம் இருக்கு, பங்குத்தந்தைய கேளுங்க.

பெரியப்பா மட்டும் புதைக்கணும்னு அடம் பிடிக்கிறாராம், அதான் நிரந்தரமாம். இங்க புதைக்க சுவா சூ காங் இடுகாடு ஒண்ணுதான் பாக்கி, அதுவும் 1998லேர்ந்து 15 வருஷக் கணக்கு, அப்புறம் தோண்டிருவாங்க. முஸ்லிம்கள்னா சின்ன இடத்துல மறுபடி அடக்கம், எரிக்க மதம் தடை சொல்லாதவங்கள எரிச்சு மாடத்துல வைப்பாங்க. இதுல என்ன நிரந்தரம்?

இன்னொண்ணும் சொல்றேன், நம்ம இந்துக்கள்லயும் எரிக்கறது மட்டுமே வழக்கம் இல்ல. சின்னக் குழந்தைய, துறவிய புதைப்போம், வீரசைவர்கள் உக்கார வச்சு அடக்கம் பண்றாங்க, ஆதிச்சநல்லூர்ல தாழி தாழியா எடுத்தாங்களே அதெல்லாம் யாரு, நம்ம பாட்டன் பூட்டன்தான். ஒருதடவ மண்டாய் தகன மையத்துல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கறோம், பெட்டி தானா நகர்ந்து போகுது, ஒரு பொடியன் "தாத்தா டிரைவர் இல்லாமயே போறாரு"ன்னான், அழுதுட்டிருந்த பொம்பளைங்கல்லாம் சிரிச்சுட்டாங்க. சரி, எங்கயோ போயிட்டேன்.

நீங்க கேக்காத கேள்விக்கு வரேன். அம்மா போனப்புறம் என்னன்னு இவ்ளோ சண்ட போடறீங்களே, போறதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா? டியூப் போடவா, வென்டிலேட்டர் வேணுமா? ஏஎம்டின்னு, அதாவது கடைசி நேர சிகிச்சை பத்தி முன்கூட்டியே எழுதி வைக்கற உத்தரவு, அதுக்கு 1996லயே இங்க சட்டம் வந்துருச்சு. 21 வயசானவங்க எழுதி வைக்கலாம், ரெண்டு சாட்சி, ஒருத்தர் டாக்டர், சொத்து வரப்போற பிள்ளைங்க சாட்சி போட முடியாது. இனி பொழைக்க வழியே இல்லன்னு டாக்டருங்க முடிவு பண்ணா சாவ தள்ளிப் போட மட்டும் மெஷின் வைக்காதீங்கன்னு அர்த்தம், வலிக்கு மருந்து நிறுத்த மாட்டாங்க, இது கருணைக்கொலையும் இல்ல. பாவமாச்சேன்னு பெரியப்பா கேப்பாரு, அவர்கிட்ட சொல்லுங்க, போப் பன்னிரண்டாம் பயஸே 1957ல டாக்டருங்க முன்னாடி பேசறப்ப அசாதாரண சிகிச்சை கட்டாயம் இல்லன்னாரு.

அம்மாகிட்ட கேட்டா "வாயக் கழுவு"ன்னு திட்டுவாங்க. திட்டட்டும், ஒரு டீ போட்டுக் குடுத்துட்டு மறுபடி கேளுங்க.

அடுத்த கேள்வி ஈசூன்லேர்ந்து.