கார்டு போகவில்லை மக்களே, டிரைவர்தான் போயிருந்தது

வணக்கம் மக்களே. மூன்று வாரமாக வீடியோ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இதோ, எடிட்டிங் டெஸ்க்டாப் திரும்ப வந்துவிட்டது. மஞ்சக்குப்பம் வீடு, அதே மேசை, திரைக்குப் படம் கொடுக்கும் அதே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. ஆமாம், அதே பழைய கார்டு! "செத்துவிட்டது, புதுசு 8,500 ஆகும்" என்று ஒரு கடையில் கைவிட்டார்களே, அதுதான்.

முதலில் அந்தக் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். அதில் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறினேன். ரீபூட் ஆனதும் மதர்போர்டு லோகோ வந்தது, அப்புறம் கருப்புத் திரை. கேபினட்டைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக் கடைக்குப் போனேன். போக 80, வர 80. கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டு இரண்டு நிமிடம் பார்த்தார், "கார்டு போச்சு" என்றார், செக்கிங் சார்ஜ் 300 வாங்கிக்கொண்டார். 300 ரூபாய்! மூடியைக்கூடக் கழற்றவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தானே சொருகியிருக்கிறது? கார்டு அடியோடு செத்திருந்தால் லோகோ எப்படித் தெரியும்? லோகோ வந்து, சிஸ்டம் ஏறும்போது மட்டும் இருண்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை. கார்டில் கோளாறே இருக்காது என்று சொல்லவில்லை. ஆனால் பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் ஏறும்போதே எஸ்கேப் தட்டினால் கிரப் மெனு, அதாவது எந்த சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கும் பட்டியல், வரும். உபுண்டு வரியில் நின்று 'இ' அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று அடித்து எஃப் 10. எழுத்துகளைத் திரையில் போட்டிருக்கிறேன். கார்டின் டிரைவர் திரையைக் கையில் எடுக்காமல், எளிய திரையை மட்டும் காட்டச் சொல்லும் சொல் இது. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், எதையும் நிரந்தரமாக மாற்றாது. எனக்கு டெஸ்க்டாப் வந்துவிட்டது! 1024-க்கு 768, எல்லாம் பூதாகாரமாக இருந்தது. ஆனாலும் அந்த ஊதா நிறத்தைப் பார்த்தபோது எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. நோமோட்செட் போட்டால் படம் வருகிறது என்றால், பெரும்பாலும் கோளாறு டிரைவர் பக்கம்.

நடந்தது இதுதான். 24.04 புதிய கர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) 6.8-உடன் வருகிறது. கார்டு என்விடியா கம்பெனியுடையது; அந்தக் கர்னலுக்கான என்விடியா மாட்யூல், அதாவது டிரைவரின் கர்னல் பகுதி, எனக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. என்விடியா பேக்கேஜ் இருக்கும்போது, திறமூல நுவோ டிரைவரையும் அது தடுத்து வைத்துவிடும். ஆக இதுவும் இல்லை, அதுவும் இல்லை. நுவோ எனக்குப் பிடிக்காது என்று பழைய வீடியோக்களிலேயே சொல்லியிருக்கிறேன். இந்தத் தலைமுறைக் கார்டை அது முழு வேகத்தில் ஓட்டாது.

பழைய என்விடியா பேக்கேஜ் அத்தனையையும் பர்ஜ் செய்துவிட்டு (அடியோடு நீக்கிவிட்டு) 535 டிரைவரை ஏப்ட்டில், அதாவது உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கட்டளையில், போட்டேன். செக்யூர் பூட் என்பது பதிந்த சாவியால் கையெழுத்திட்ட டிரைவரை மட்டும் ஏறவிடும் பாதுகாப்பு. அதற்காக ஒரு பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தேன். ரீபூட். அடுத்து அந்தச் சாவியைப் பதிய ஒரு நீலத் திரை வரும், ஒரு பட்டனைத் தட்ட உங்களுக்குப் பத்து நொடிதான். பத்தே நொடி! சரியாக அப்போது வாசலில் மீன்காரம்மா. சங்கரா இருக்கிறதா பார் என்று அம்மா கூப்பிட்டார், போய்விட்டேன். திரும்பி வந்தால் நீலத் திரை போயே போய்விட்டது. சாவி பதியவில்லை, அதனால் டிரைவர் ஏறவில்லை. ஆனால் கம்ப்யூட்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லாது! மறுபடி நோமோட்செட், மறுபடி மோக்யூட்டில் (சாவியைப் பதியக் கேட்கும் கட்டளை) இம்போர்ட், மறுபடி பாஸ்வேர்ட். இரண்டாவது தடவை நாற்காலியை விட்டு நகரவே இல்லை. என்ரோல் மோக் (சாவியைப் பதி), கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்ட், ரீபூட். 1080 திரை பளிச்சென்று வந்தது.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். 'உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கையெழுத்திட்ட மாட்யூலே வரும், நீலத் திரை தேவைப்படாது. நான் கையால் போட்டதால்தான் இத்தனை சுற்று. நீங்கள் உபுண்டு-டிரைவர்ஸ் வழியிலேயே போங்கள்.

இன்னொன்று, இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்கிரேடுக்கு முன் டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் மென்பொருளில் ஸ்நாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடுத்தேன். ஆனால் அது சிஸ்டத்தை மட்டும்தான் எடுக்கும். நீங்களாகச் சொல்லாவிட்டால் நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தொடாது. தங்கை கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தனியாக வெளி ஹார்ட்டிஸ்க்கில் காப்பி எடுத்த பிறகே தொடங்கினேன். அப்கிரேடு ஓடும்போது மின்சாரம் போனால் பாதியில் தொங்கும். மழை மாதத்தில் கடலூரில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், யுபிஎஸ் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

22.04-க்கு 2027 ஏப்ரல் வரை இலவச ஆதரவு உண்டு. வேலை கெடாமல் ஓடினால் அவசரப்பட வேண்டாம். நான் மாறியது கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்புக்காக.

கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைப் போட்டுக் காட்டுகிறேன், பாருங்கள். கார்டு பெயர், 4 ஜிபி மெமரி, டிரைவர் 535. சில்வர் பீச் வீடியோ பாதியில் நின்றது இல்லையா, அது இப்போது பின்னால் ரெண்டர் ஆகிக்கொண்டிருக்கிறது. நாளை மாலை போடுகிறேன்.