மெலட்டோனினும் ஓட்டக்காரரின் கால்களும்

வணக்கம், நேயர்களே. பேச அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்தாளராக வேலை செய்கிறேன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் நெருங்கிவிட்டால் எங்கள் கடையில் பேச்சே மாறிவிடும். மற்ற மாதங்களில் இருமல், சர்க்கரை, பிரஷர். மே மாதம் பிறந்தால் முழங்கால், தொடை, கால் நகம். கொஞ்ச காலமாகப் புதிதாக ஒரு கேள்வி வருகிறது. "அக்கா, மெலட்டோனின் போட்டால் கால் சீக்கிரம் தேறிவிடுமாமே, எத்தனை மில்லிகிராம் எடுக்கலாம்?"

கால்வலிக்காக அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்புகிறேன். ஏன் என்று விளக்கக் கடையில் நேரம் கிடைப்பதில்லை. இன்று கிடைத்திருக்கிறது.

மெலட்டோனின் நம் உடம்பிலேயே சுரக்கிறது. மூளைக்குள் பட்டாணி அளவுகூட இல்லாத பினியல் சுரப்பி இருட்டிய பிறகு அதைச் சுரக்கும். வெளிச்சம் கண்ணில் பட்டால் குறைத்துவிடும். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இரவு வந்துவிட்டது என்று உடல் முழுவதற்கும் தெரிவிப்பதுதான் இதன் முதல் வேலை. ஆளை அடித்துப் போடும் தூக்க மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு வலு அதற்குக் கிடையாது. 2013இல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தூக்கக் கோளாறு உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால் சராசரியாக 7 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், 8 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் கால்வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இதற்கு இன்னொரு குணமும் உண்டு. கடுமையாக உழைக்கும் தசையில் ஆக்ஸிஜனிலிருந்து சில வேகமான மூலக்கூறுகள் உண்டாகி, பக்கத்தில் உள்ள செல்களின் சவ்வை அரிக்கும். மெலட்டோனின் அவற்றைப் பிடித்து அடக்கும். ஸ்பெயினில் 50 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஓடியவர்களுக்கு 3 மில்லிகிராம் மாத்திரைகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் அந்த அரிப்பின் அடையாளங்கள் குறைவாக இருந்தன, அழற்சியின் அடையாளங்களும் குறைந்தன. கடைக்கு வரும் பிள்ளைகள் போனில் எடுத்துக் காட்டுவது இந்த மாதிரி ஆய்வுகளைத்தான். அவை பொய் இல்லை.

ஆனால் ரத்தத்தில் ஓர் எண் இறங்குவது வேறு, மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்காமல் இருப்பது வேறு. காம்ரேட்ஸ் ஓட்டம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கி வரும் வருடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 90 கிலோமீட்டர். போத்தாஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில் என்று இறக்கத்தில் வரும்போது, தொடைத் தசை ஒவ்வோர் அடியிலும் நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. அப்படித் தாங்குகிற தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். வலி அன்றைக்கே உச்சத்துக்குப் போகாது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கிழிசலை ஒட்டவைக்கும் மாத்திரை எதையும் நான் பார்த்ததில்லை. மெலட்டோனின் எடுத்தவர்கள் அடுத்த ஓட்டத்தில் வேகமாக ஓடினார்கள் என்று நம்பிச் சொல்லும்படியான சான்றும் இல்லை.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அந்த அரிப்பும் அழற்சியும் வெறும் சேதம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறைக்குத் தசையைப் பலப்படுத்து என்று உடம்புக்குப் போகும் தகவலும் அதிலேயே இருக்கிறது. 2009இல் ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவின் குழு, உடற்பயிற்சி செய்த இளைஞர்களுக்கு நான்கு வாரம் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் அதோடு வைட்டமின் ஈயும் கொடுத்தது. இவையும் மெலட்டோனின் போல அந்த அரிப்பை அடக்குபவைதான். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு அப்படித்தான் நடந்தது, சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் வரவில்லை. மெலட்டோனினும் அப்படியே செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாதக்கணக்கில் விடிகாலை எழுந்து பயிற்சி செய்து சம்பாதித்ததை, தினமும் ஒரு மாத்திரை போட்டு ஏன் பணயம் வைக்க வேண்டும்?

சரி, எது தேற்றும்? தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு வருகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை ஐந்து முதல் ஏழு வாரம், இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 16.2 நொடியில் ஓடிய தூரத்தை 15.5 நொடியில் ஓடினார்கள், பந்தும் கூடையில் அதிகம் விழுந்தது. இது சிறிய ஆய்வுதான், ஆனாலும் மெலட்டோனின் மாத்திரையில் நான் பார்க்காத பலன் அது. நம் வீடுகளில் ஓடுகிற பிள்ளை காலை நாலு மணிக்கு எழுந்துவிடுகிறான். ஆனால் இரவு சாப்பாடு ஒன்பது மணிக்கு, அப்புறம் பதினோரு மணி வரை டிவியும் போனும். அந்த வெளிச்சம் அவனுடைய சொந்த மெலட்டோனினையே தள்ளிப்போடும். தாத்தா பாட்டிமார்களே, கூடத்து விளக்கை ஒன்பது மணிக்கே மங்கலாக்கிவிடுங்கள். அது உங்களால் முடியும்.

மெலட்டோனின் உண்மையில் உதவும் இடமும் ஒன்று உண்டு: நேர மண்டலம் தாண்டிப் பறப்பது. ஐந்து மண்டலத்துக்கு மேல் தாண்டினால், அதிலும் கிழக்கு நோக்கிப் போனால், போய்ச் சேரும் ஊரின் படுக்கை நேரத்தில் அரை முதல் 5 மில்லிகிராம் எடுப்பது பலன் தருகிறது. முன்பு நம் டர்பன் ரக்பி அணியான ஷார்க்ஸ், சூப்பர் ரக்பி போட்டிக்காக நியூசிலாந்து வரை பறந்தது. 10, 11 மணி நேர வித்தியாசம். அப்போது இதற்கு அர்த்தம் இருந்தது. இப்போது அவர்கள் அயர்லாந்து, வேல்ஸ் பக்கம் ஆடுகிறார்கள், வித்தியாசம் ஒன்றிரண்டு மணி நேரம்தான். லண்டன் மாரத்தானுக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. பாஸ்டனுக்குப் போகிறீர்களா, அப்போது வாருங்கள், பேசுவோம்.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இரவு இயல்பாக இருக்கும் அளவை எட்ட 0.3 மில்லிகிராமே போதும். விற்பனைக்கு வருவதோ 3, 5, 10. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் டப்பாக்களை நம்பவும் முடியாது. 2017இல் கனடாவில் வாங்கிய 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவாகவும் இருந்தது, 478 சதவீதம் அதிகமாகவும் இருந்தது. எட்டு டப்பாக்களில் செரட்டோனின் என்ற வேறொரு ரசாயனமும் கலந்திருந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் மெலட்டோனின் இல்லை. ஆனாலும் டப்பாவுக்குள் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதற்கு ஓட்டக்காரரே பொறுப்பு.

ஓட்ட நாள் காலையில் புதிதாக எந்த மாத்திரையும் வேண்டாம். அழற்சி குறைக்கும் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

நம் சமூகத்தில் வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் இருக்கிறது. மெலட்டோனின் எடுத்த கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை வழக்கத்தைவிட ஏறலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு கூடலாம், மனநலத்துக்காக ஃப்ளூவாக்ஸமின் சாப்பிடுகிறவர்களுக்கு மெலட்டோனின் அளவே பல மடங்கு ஏறும். பள்ளியில் நீந்துகிற, ஓடுகிற பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. யாராவது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அந்த டப்பாவையும் தினமும் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு உங்கள் பக்கத்து மருந்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.